வகுக்காமலே அறியும் பகா எண்

170141183460469231731687303715884105727

39 இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணைப் பாருங்கள். 1-ஐயும் இதே எண்ணையும் தவிர வேறு எந்த எண்ணும் இதனை மீதியின்றி வகுக்காது. அதாவது, இது ஒரு பகா எண். 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். சுருக்கமாக 2¹²⁷ − 1 என்று எழுதுவர்.

இது பகா எண் என்று எப்படித் தெரிந்தது? 127 பகா எண்ணா என்று அறிய 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். வர்க்கமூலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பள்ளியில் நாம் கற்ற வழி இதுதான். ஆனால் மேலே கண்ட எண்ணிடம் இது பலிக்காது. ஒற்றைப்படை எண்களால் மட்டுமே வகுப்பதென்று வைத்துக்கொண்டாலும், நொடிக்குப் பத்து லட்சம் வகுத்தல்களைச் செய்யும் பொறிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆண்டுகள் பிடிக்கும்! எனினும், கணிப்பொறி பிறக்காத 1876-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூக்கா இதனைப் பகா எண் என்று அறிவித்துவிட்டார்.

அவரது முறையை 1930-களில் அமெரிக்க அறிஞர் டி. எச். லெமர் எளிமையாக்கினார். அதனை 2⁷ − 1, அதாவது 127 என்ற சிறிய எண்ணில் நீங்களே செய்து பார்க்கலாம். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். விடை 127-க்கு மேற்பட்டால், 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4² − 2 = 14
14² − 2 = 194; மீதி 67
67² − 2 = 4487; மீதி 42
42² − 2 = 1762; மீதி 111
111² − 2 = 12319; மீதி 0

அடுக்கு 7 என்பதால் 7 − 2 = 5 முறை செய்தோம். கடைசியில் சுழி வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். (அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கவேண்டும்.) இதற்கான நிறுவலுக்கு உயர் இயற்கணிதம் தேவை, அதனை இங்கே விட்டுவிடுவோம். 2¹¹ − 1 = 2047 என்ற எண்ணுக்கும் செய்து பாருங்கள். ஒன்பதாம் முறை சுழி வராது, 1736 வரும். 2047 என்பது 23 × 89 அல்லவா?

ஆனால் 23, 89 என்ற காரணிகளை இச்சோதனை காட்டவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு இதுவே பெரிய வியப்பு. 2⁶⁷ − 1 பகா எண் என்று மெர்சென் என்ற பாதிரியார் 1644-இல் பட்டியலிட்டிருந்தார். அது பகு எண்ணே என்று 1876-இல் லூக்கா காட்டினார்; ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. அமெரிக்கக் கணித அறிஞர் கோல் 1903-இல்தான் அவற்றைக் கண்டார்: 193707721 × 761838257287.

2¹²⁷ − 1 மட்டும் 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணாக விளங்கியது. பிறகு கணிப்பொறிகள் வந்தன. ஆனால் சோதனை மாறவில்லை. 2024-இல் கண்டறியப்பட்ட பகா எண்ணில் 2-இன் அடுக்கு 13,62,79,841, இலக்கங்கள் 4,10,24,320. அதையும் லூக்கா–லெமர் சோதனை கொண்டே உறுதிசெய்தனர். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிப்பதை 13,62,79,839 முறை செய்யவேண்டியிருந்தது!