புதுக் கேமராவில் காவடி: ஷட்டர் வேகமே முதல் பாடம்

தைப்பூசத்தில் காவடி எடுக்கும் பிள்ளையின் படம் கலங்கிப்போனால், அந்தக் காட்சிக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதனால் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் முதலில் பழகவேண்டியது ஷட்டர் வேகம். அதாவது, ஒளி உள்ளே வரும் நேரம்.

ஆடிவரும் காவடிக்கு 1/500 விநாடி வைக்கலாம். மேல் சக்கரத்தை கெனனில் ‘டிவி’, நிக்கான், சோனியில் ‘எஸ்’ எழுத்துக்குத் திருப்பினால், வேகத்தை நாமே தீர்மானிக்கலாம்.

பத்துமலையின் 272 படிகளைக் கடந்து குகைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறையும். அங்கே 1/125-க்கு இறக்கி, ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ அளவை 1600 அல்லது 3200 ஆக்கலாம். படம் சற்றே மணல் தூவியதுபோல் தெரிந்தாலும் முகம் கலங்காது. அருள் வந்தவரின் கண்ணெதிரே பிளாஷ் அடிக்க வேண்டாம்.

ஓடியாடும் பிள்ளைகளை வீட்டு வாசலில் எடுத்துப் பழகினால், விழா நாளில் கை தடுமாறாது.