கிளாட்: மதிப்பெண் ஏறாததன் காரணம் விடைத்தாளில் இருக்கிறது

பிளஸ் டூ தேர்வில் 90 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும் மாணவர், கிளாட் மாதிரித் தேர்வில் 120-க்கு 45 வாங்கிவிட்டுத் திகைத்து நிற்பது கோச்சிங் வகுப்புகளில் வாடிக்கையாக நடப்பதுதான். வீட்டில் உடனே ஒரு யோசனை பிறக்கும்: இன்னும் நிறைய மாக் டெஸ்ட் எழுது. பிள்ளையும் வாரத்துக்கு மூன்று என எழுதித் தள்ளும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மதிப்பெண் 47-ல் நிற்கும்.

எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததை எழுதினால், பழைய தவறுகள்தான் வேகமாக நடக்கும். கிளாட் மதிப்பெண் எங்கே போகிறது என்பதை விடைத்தாளே காட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதே மதிப்பெண்ணை ஏற்றும் வேலையின் பாதி.

தேர்வு எதைச் சோதிக்கிறது?

திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, ஐதராபாத் நல்சார் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு கிளாட். 2008-ல் தொடங்கியது. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வு நடத்துகிறது.

120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 கழியும். நடப்பு நிகழ்வுகளும் சட்டத் தர்க்கமும் தலா 28 முதல் 32 கேள்விகள். ஆங்கிலமும் தர்க்கத் திறனும் தலா 22 முதல் 26. கணிதத்துக்கு 10 முதல் 14. மொத்தமும் ஆங்கிலத்தில்தான்.

2020-ல் வந்த மாற்றம் முக்கியமானது. அதுவரை ஒற்றை வரிப் பொது அறிவுக் கேள்விகளும் நேரடிக் கேள்விகளும் நிறைய இருந்தன. அந்த ஆண்டு முதல் எல்லாமே உரைப்பகுதிக்குக் கீழே வரும் கேள்விகள். ஓர் உரைப்பகுதி சுமார் 450 சொற்கள் வரை போகும். மொத்தமாக ஏறக்குறைய பத்தாயிரம் சொற்களைப் படித்தாக வேண்டும். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு வாசிப்பிலேயே 67 நிமிடம் போய்விடும். 200 சொல் படிப்பவருக்கு 50 நிமிடம் போதும். இருவருக்கும் அறிவு சமமாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் கையில் யோசிக்க 17 நிமிடம் கூடுதலாக இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் இங்கே கைகொடுக்காததற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு விடைத்தாளைப் பிரித்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 92 கேள்விகளுக்கு விடை குறித்திருக்கிறார். 54 சரி, 38 தவறு. 28 கேள்விகளைத் தொடவில்லை. 54-ல் 9.5 கழிந்து 44.5 வருகிறது.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்தப் பெண் பாடத்தில் பலவீனம் என்றுதான் தோன்றும். அந்த 38 தவறுகளையும் காரணம் வாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடித் தவறானதை எடுத்தவை 14. கேள்வியைச் சரியாகப் படிக்காதவை 11. ‘பொருந்தாதது எது’ என்று கேட்டிருக்க, பொருந்துவதைக் குறித்தது இந்த வகை. தெரியாத நடப்பு நிகழ்வுகளை ஊகித்தவை 9. கணக்கில் தடுமாறியவை 4.

தொடாமல் விட்ட கேள்வி ஒன்று சரியானால் கிடைப்பது 1 மதிப்பெண். தவறாக எழுதிய கேள்வி ஒன்று சரியானால் கிடைப்பது 1.25, கழிவும் நின்றுபோகிறது அல்லவா? கேள்வியைத் தவறாகப் படித்த அந்த 11-ஐ மட்டும் திருத்தினால் 13.75 கூடும். மதிப்பெண் 58.25 ஆகும். ஊசலாடிய 14-ல் பாதியைச் சரிசெய்தால் 67. புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் இவ்வளவு தூரம் வர முடிகிறது.

ஆகவே ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும் ஒரு தவறுப் பதிவேடு வேண்டும். கேள்வி எண், பகுதி, நான் குறித்த விடை, சரியான விடை, ஏன் தவறினேன் என்று ஐந்து கட்டங்கள் போதும். கடைசிக் கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘கடைசி வாக்கியத்தைப் படிக்கவில்லை’, ‘உரைப்பகுதியில் இல்லாததை நானாகச் சேர்த்துக்கொண்டேன்’ என்று நடந்ததை எழுத வேண்டும். ஊகத்தில் சரியாக அமைந்தவற்றையும் சேர்க்க வேண்டும். அடுத்த முறை அவை தவறாகலாம். தேர்வுக்கு 2 மணி நேரம் என்றால் அலசலுக்கு 3 மணி நேரம் ஒதுக்குங்கள். அப்போது வாரத்துக்கு ஒரு தேர்வுக்கு மேல் எழுத நேரம் இருக்காது. அதுவே சரியான அளவு.

சட்டத் தர்க்கம்: மனசாட்சி குறுக்கே வரும் இடம்

இந்தப் பகுதிக்குச் சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. உரைப்பகுதி ஒரு விதியைச் சொல்லும். கேள்வி ஒரு சம்பவத்தைச் சொல்லும். விதியைச் சம்பவத்தின் மேல் பொருத்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. உரைப்பகுதியில் உள்ள விதி: வளர்ப்பு விலங்கு கடிக்கும் குணமுடையது என்பது உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே அவர் இழப்பீடு தர வேண்டும். சம்பவம்: நான்கு வருடமாக யாரையும் உறுமிக்கூடப் பார்க்காத ஒரு நாய், கட்டாமல் விடப்பட்ட ஒரு காலையில் பால்காரரைக் கடித்துவிடுகிறது. உரிமையாளர் இழப்பீடு தர வேண்டுமா?

‘நாயைக் கட்டாமல் விட்டது தப்புதானே, கொடுக்கத்தான் வேண்டும்’ என்று மனம் சொல்லும். உரைப்பகுதியின் விதியோ, முன்பே தெரியாததால் பொறுப்பில்லை என்கிறது. கேட்கப்பட்டது நம் நியாய உணர்வை அல்ல. செய்தித்தாளில் படித்த தீர்ப்பு, சட்டம் படிக்கும் அண்ணன் சொன்ன தகவல் ஆகியவையும் இப்படியே குறுக்கே வரும். விதியில் உள்ள நிபந்தனைகளை ஒன்று, இரண்டு என எண்ணிட்டு, சம்பவத்தில் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று டிக் செய்யும் பழக்கம் இந்தச் சறுக்கலைத் தடுக்கும். ‘மட்டுமே’, ‘தவிர’, ‘ஆயினும்’ என்று பொருள்படும் சொற்களுக்கு அடிக்கோடு இட வேண்டும். விடை பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இருவர் சம மதிப்பெண் எடுத்தால், சட்டத் தர்க்கத்தில் அதிகம் எடுத்தவருக்கே முன் ரேங்க்.

மற்ற பகுதிகளில் விரைவாக

தர்க்கத் திறனில் முதலில் தேட வேண்டியது ஆசிரியரின் முடிவு எது என்பதை. அதைத் தாங்கும் காரணங்களைப் பிறகு பிரிக்கலாம். வாதத்தை வலுவாக்குவது எது, பலவீனமாக்குவது எது என்ற கேள்விகள் எல்லாம் முடிவுக்கும் காரணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றியவையே. அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்வு நூல்கள் இந்தப் பயிற்சிக்கு உதவும். ஆனால் அந்தத் தேர்வில் தவறான விடைக்குக் கழிவு இல்லை. எதையும் விடாமல் குறித்துவிடு என்று அந்த நூல்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆங்கிலப் பகுதியில் ஏமாற்றும் விடைக்கு இரண்டு அடையாளங்கள்: உலகத்தில் உண்மை, உரைப்பகுதியில் இல்லை, அல்லது உரைப்பகுதி சொன்னதைவிட ஒரு படி கூட்டிச் சொல்கிறது. ஊசலாட்டம் வரும்போது, இந்த விடைக்கு ஆதாரமான வரி எது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

நடப்பு நிகழ்வுகளில் உரைப்பகுதி வெறும் அறிமுகம். விடை பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். நேரே கேள்விக்குப் போய்விடலாம். இங்கே மிச்சமாகும் நேரம் மற்ற பகுதிகளுக்கு மூலதனம். கணிதம் பத்தாம் வகுப்பு அளவுதான்: சதவீதம், விகிதம், சராசரி, அளவியல். பயந்து ஒதுக்குகிறவர்கள் பலர். ஒரு மாதம் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் உறுதியாகக் கூடக்கூடிய மதிப்பெண்கள் இங்கேதான் இருக்கின்றன.

தொடக்கமாக ஒரு நேரப் பங்கீடு: நடப்பு நிகழ்வுகள் 12 நிமிடம், சட்டம் 33, ஆங்கிலம் 23, தர்க்கம் 30, கணிதம் 14. மீதி 8 நிமிடம் கையிருப்பு. ஓஎம்ஆர் தாளில் வட்டமிடுவதைக் கடைசிக்கு ஒத்திப்போடாமல், ஒவ்வோர் உரைப்பகுதி முடிந்ததும் செய்துவிட வேண்டும்.

ஊகிக்கலாமா?

நெகட்டிவ் மார்க் என்றதும் தெரியாததைத் தொடாதே என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் 16 கேள்விகளில் சராசரியாக 4 சரியாகும், 12 தவறாகும். 4-ல் 3 போக 1 மதிப்பெண் மிஞ்சும். லாபம் என்று சொல்லவே முடியாத லாபம். அதிர்ஷ்டம் இல்லாத நாளில் நஷ்டம். ஆனால் இரண்டு விடைகளைக் காரணத்தோடு நீக்கிய பிறகு ஊகித்தால், அதே 16 கேள்விகளில் 8 சரி, 8 தவறு. 6 மதிப்பெண் கிடைக்கும். இரண்டை நீக்க முடிந்தால் குறியுங்கள். ஒன்றுகூட நீக்க முடியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

தமிழ் வழி மாணவர்களுக்கு

சட்டப் படிப்பை முடித்தவர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வைத் தமிழில் எழுத முடியும். அந்தப் படிப்புக்குள் நுழையும் கிளாட்டை எழுத முடியாது. இந்த முரண் தீரும்வரை ஆங்கில வாசிப்பை வளர்ப்பதுதான் வழி. எளிய முறை ஒன்று: ஒரு விவகாரத்தைத் தமிழ் நாளிதழில் முதலில் படித்துவிடுங்கள். அதே நாள், அதே விவகாரம் பற்றிய ஆங்கிலத் தலையங்கத்தைப் பிறகு படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் மொழியின் மேல் நிற்கும். படித்து முடித்ததும் ஆசிரியரின் வாதத்தை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். வேகம் தானாக வராது; நாள்தோறும் செய்தால் சில மாதங்களில் வரும். பின்தங்கிய சூழலிலிருந்து வரும் மாணவர்களைச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசேர்க்க, சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ஐடியா அமைப்பு பயிற்சி அளிக்கிறது.

கடைசி மாதம்

தேர்வு பகல் 2 மணிக்குத் தொடங்கி 4 மணிக்கு முடியும். மாதிரித் தேர்வுகளையும் அந்த நேரத்திலேயே எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு வரும் மந்தம் அன்றைக்குப் புதிதாக இருக்கக் கூடாது. 2020-க்குப் பிந்தைய அசல் வினாத்தாள்களைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தையவை இன்றைய வடிவத்துக்குப் பொருந்தாது. கடைசிப் பத்து நாளில் புதிய புத்தகம் வேண்டாம். தவறுப் பதிவேடு போதும்.

அப்படியும் ரேங்க் போதவில்லை என்றால்? கிளாட்டுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. மறு ஆண்டு எழுதலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேரலாம். அங்கே படித்தவர்களும் அதே உயர் நீதிமன்றத்தில்தான் வாதாடுகிறார்கள்.

ஒரு வருடத்தை மறுபடி செலவிடுவதா என்று முடிவெடுக்கும் முன், கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தவறாகப் படித்தது, ஊசலாடியது, கணக்கில் தடுமாறியது ஆகியவை அதிகம் என்றால் அவை பயிற்சியில் குறையக்கூடியவை, மீண்டும் எழுதலாம். அந்தத் தவறுகள் ஏற்கெனவே குறைந்து, அப்படியும் வேண்டிய ரேங்க் எட்டாமல் இருந்தால், கிடைத்த கல்லூரியில் சேர்ந்து சட்டம் படிக்கத் தொடங்குவதே அந்த ஆண்டின் நல்ல பயன்.