மின்காந்த இடையூறும் தீவகத்து மின்சாரமும்

யாழ்ப்பாணத் தீவகத்துள் ஊர்காவற்றுறைக்குக் குடாநாட்டிலிருந்து தரைவழியே மின்சாரம் செல்கின்றது. நெடுந்தீவும் நயினாதீவும் கடலாற் பிரிக்கப்பட்டமையால் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பி வந்தன. 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இவ்விரு தீவுகளுக்கும் அனலைதீவுக்கும் உரிய கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய அரசின் நன்கொடையோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி ஞாயிற்றொளியால் 1,700 கிலோவாற்றும், காற்றால் 530 கிலோவாற்றும் பெறப்படும். பற்றரிகளின் கொள்ளளவு 2,400 கிலோவாற்று மணி.

டீசல் பொறியின் குறை புகையும் செலவும் என்பதை யாவரும் அறிவர். புதிய பொறிகளுக்கும் கண்ணுக்குப் புலப்படாததொரு குறை உண்டு. ஞாயிற்றொளித் தகடு தருவது நேரோட்டம். வீடுகள் வேண்டுவது ஆடலோட்டம். ஒன்றை மற்றொன்றாக்கும் இன்வேர்ட்டர், செக்கனுக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகின்றது. இவ்வாறு திடீரெனத் திறந்து மூடுதல் உயர் மீடிறன் அலைகள் பலவற்றைப் பிறப்பிக்கும். அவை கம்பி வழியே ஓடியும் வெளியிற் பரந்தும் வானொலிப் பெட்டியில் இரைச்சலாய் ஒலிக்கும்.

இத்தொல்லை புதியதன்று. வானொலி பரவத் தொடங்கிய காலத்திலேயே மோட்டார்களும் ட்ராம் வண்டிகளும் அதனைக் குழப்பின. 1933 இற் பாரிசு நகரிற் கூடிய மாநாட்டின் பயனாக 'சிஸ்பர்' என்னும் சர்வதேசக் குழு தோன்றிற்று. இடையூற்றை அளக்க அக்குழு வகுத்த முறை சுவையானது. அரிதாய் எழும் வெடிப்பொலியைச் செவி பொறுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து எழுவதைப் பொறாது. ஆதலின், அளவுகருவியும் அடிக்கடி நிகழும் துடிப்புக்கே மிகுந்த மதிப்புக் கொடுக்குமாறு அமைக்கப்பட்டது. இன்றும் அம்முறை வழக்கிலுண்டு.

சிஸ்பர் 11 என்னும் நியமம் கருவிகளை இரு வகுப்பாக்குகின்றது. 20 கிலோவோல்ற்றம்பியர் வரையான கருவிகளுக்கு, 30 முதல் 230 மெகாஹேர்ட்சு வரை, 10 மீற்றர் தொலைவில் அளக்குமிடத்து, தொழிற்றலத்துக்குரிய எல்லை மீற்றருக்கு 100 மைக்குரோவோல்ற்று. மனைக்குரியது ஏறத்தாழ 32. பெரும் பொறிகளுக்குத் தொழிற்றலத்து எல்லை இன்னும் தளர்ந்தது. கடலில் ஆபத்துக்கு உதவி வேண்டும் 156.8 மெகாஹேர்ட்சு அலையும் இவ்வீச்சினுள்ளேயே அமைகின்றது. சிறு தீவொன்றில் மின்னிலையம், குடிமனை, இறங்குதுறை யாவும் அணித்தாய் இருத்தல் கூடும். அங்கே எவ்வகுப்பைக் கொள்வது என்பது ஏட்டளவான வினாவன்று; தொழிற்றலம் என்ற பெயரை மட்டும் நோக்கித் தளர்ந்த எல்லையை ஏற்பது தகாது.

மற்றொன்று தகடுகளை இன்வேர்ட்டரோடு இணைக்கும் நேரோட்டக் கம்பி. நெடுந்தூரம் ஓடும் அது தானே ஒரு வான்கம்பியாகிவிடும். இதற்குரிய எல்லைகள் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அந்நியமத்திற் சேர்ந்தன. நேர், மறைக் கம்பிகளை அருகருகே கிடத்துதலும் சுருளும் கொள்ளளவியும் கொண்ட வடிப்பானை வாயிலில் வைத்தலும் பரிகாரமாம். கம்பி இடும்போதே செய்தாற் செலவு சிறிது. பின்னர்ச் செய்யப் புகின் பொறியை நிறுத்தவேண்டும். கருவியும் ஆளும் குறிகட்டுவானிலிருந்து படகேறி வரவேண்டும். பொறி இயங்குமுன் தீவில் இருந்த இரைச்சலை அளந்து குறித்து வைப்பதும் வேண்டற்பாலது. அக்குறிப்பு இல்லையெனில், பிற்காலத்தில் எழும் கரகரப்புக்குப் புதிய நிலையம் காரணமா, பழைய மோட்டார் ஒன்று காரணமா எனத் துணிதல் அரிது.