சுண்ணாம்புத் தண்ணீரும் பழைய காரும்

பழைய காரில் வரும் கோளாறுகளில் ஆளை அதிகம் அலையவைப்பது, எப்போதாவது மட்டும் ஹீட் ஆகிற இன்ஜின்தான். திங்கட்கிழமை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்ச் சேரும்வரை டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். புதன்கிழமை அதே சாலையில், அதே வெயிலில், பாதி வழியிலேயே சிவப்பைத் தொடும். பட்டறைக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் ஓடவிட்டால் ஒன்றுமே காட்டாது. "நல்லாத்தானே இருக்கு, பார்த்து ஓட்டுங்கண்ணே" என்று அனுப்பிவிடுவார்கள். அல்லது தெர்மோஸ்டாட் வால்வு, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். பணம் போகும், சூடு போகாது.

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றது. ஆக, இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் பத்து வயதைத் தாண்டியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அப்படிப்பட்ட வண்டிகள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. வெயிலையும் வயதையும் தவிர அவற்றுக்கு இங்கே இன்னொரு சோதனையும் உண்டு. அது தரைக்கடியில் இருக்கிறது.

கிரீத்தேசியக் காலத்தில் இந்தப் பகுதி கடலாக இருந்தது. சாத்தனூரின் கல்மரமும் காரை மேட்டில் கிடைக்கும் சிப்பிப் படிவங்களும் அந்தக் காலத்தின் மிச்சம். 1860களில் புவியியலாளர் பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதியதிலிருந்து 'அரியலூர்' என்பது புவியியல் நூல்களில் ஒரு பாறைத் தொகுதியின் பெயராகவே நிலைத்துவிட்டது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்தன. அதே சுண்ணாம்பு நிலத்தடி நீரிலும் கரைகிறது. போர் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதை இங்கே பார்க்காத வீடு குறைவு.

அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் இன்ஜினுக்குள்ளும் அதுவே நடக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும்: சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி. பிறகு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில். வெப்பத்தைக் கடத்துவதில் இந்தப் பொருக்கு செம்பின் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்து, வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை ஒப்புக்கொள்கிறது. குடிக்க ஒப்புக்கொண்ட தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகும் என்று நினைப்பதில்தான் சிக்கல். குறைகிற தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சுண்ணாம்பு உள்ளேயே தங்குகிறது. அதன்மேல் மறுபடி ஒரு பாட்டில் ஊற்றுகிறோம்.

'எப்போதாவது' என்பதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. புதிய ரேடியேட்டர் தேவைக்கு மேலேயே சூட்டை வெளியேற்றும்படி செய்யப்படுகிறது. பாதிக் குழாய் அடைத்த ரேடியேட்டரும் காலை நேரத்தில், ஆள் குறைவாக, ஏசி இல்லாமல் போனால் சமாளித்துவிடும். சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு ஏசி போட்டு, முன்னால் சிமென்ட் லாரி ஊர்ந்தால் தோற்றுப்போகும். அது புதிதாக வந்த கோளாறு அல்ல. இருந்த உபரி தீர்ந்துபோனது இன்று வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் எந்தப் பொருளையும் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது ஹீட் ஆகிறது?

டவுனில் ஊர்ந்தால் ஏறி, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினால், முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். மின்சார ஃபேன் உள்ள வண்டியில் அதன் மோட்டாரின் கார்பன் தேய்ந்தால் ஒருநாள் சுற்றும், ஒருநாள் சுற்றாது. நிற்கும் ஃபேனின் மோட்டாரை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது. தட்டியும் சுற்றாவிட்டால் ரிலே, பியூஸ், ரேடியேட்டரில் உள்ள வெப்ப சுவிட்ச், எர்த் ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கையைத் தூர வையுங்கள். சூடான வண்டியில் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் சுற்றலாம்.

நேர்மாறாக, டவுனில் ஒன்றும் இல்லாமல், திருச்சி-சென்னை சாலையில் பாடாலூரைத் தாண்டி எண்பதில் போகும்போது ஏறினால் ஃபேனுக்கு அதில் பங்கில்லை. தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை என்று அர்த்தம். அடைத்த ரேடியேட்டர், அரித்துப்போன பம்ப் இறக்கை, அல்லது பலரும் பார்க்காமல் விடுகிற கீழ் ஹோஸ். பழைய ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங்கும் துருப்பிடித்துப் போயிருந்தால், வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறக்கும்போது அது பழைய உருவத்துக்கு வந்துவிடும். ரேடியேட்டர் அடைப்பைக் கழற்றாமலேயே அறியலாம்: சூடான வண்டியில் அதன் முகப்பு முழுவதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால், அடைத்த குழாய்கள் உள்ள இடம் மட்டும் குளிர்ந்து தெரியும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது. அது உடல் சூட்டுக்கு உரியது.

அடைப்பு உள்ளே மட்டும் இருப்பதும் இல்லை. களம் போதாமல் மக்காச்சோளத்தைச் சாலையோரம் காயப்போடும் பருவத்தில் அதன் சொங்கு பறந்து வந்து ரேடியேட்டர் தகடுகளில் சிக்கும். லாரித் தூசி அதன்மேல் படியும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்தில் அது நிறைந்திருப்பது முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

முள் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கினால் தெர்மோஸ்டாட் வால்வு சிக்குகிறது, அல்லது உள்ளே ஏர் லாக். வால்வைக் கழற்றித் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். பலவற்றில் 82 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். ஒருமுறை திறந்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் இன்ஜின் சூடாகவே இல்லை. எர்த் கோளாறு, முள்தான் பொய் சொல்கிறது.

வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது தவறு. காலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் வால்வு இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடுவதால் சூடு இன்னும் கூடும். சுண்ணாம்பைக் கரைக்க ஆசிட் ஊற்றுவது அதைவிடக் கேடு. அது அலுமினியத்தையும் சேர்த்துத் தின்னும். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அவர் கைவேலைக்கு ஈடில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்ற வேண்டியது ரேடியேட்டர் மூடி. செலவு குறைந்த பொருள். 0.9 பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடித்தால் உள்ளே வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். அதன் ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும்.

ஒழுகல் எங்கும் இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைகிறது, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, ரிசர்வ் டேங்கில் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டிய நேரம். சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துச் சோதிக்கலாம். அந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். இறங்கவில்லையென்றால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம். ஊர் வந்ததும் அதை வடித்துவிட்டு, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையும் கூலன்ட்டையும் கலந்து நிரப்புங்கள். டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியது இந்தக் கலவைதான், போர் தண்ணீர் கேன் அல்ல.

அடுத்த முறை முள் ஏறும்போது நேரம், வேகம், ஏசி ஓடியதா, எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் அவர் அதைப் படிக்கட்டும்.