மூளையை ஆராய மருத்துவம் மட்டும்தான் வழியா?

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் நடத்தும்போது, மூளையைப் பற்றி விடாமல் கேள்வி கேட்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். "டாக்டருக்குப் படி" என்பதே அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில். நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால், மூளை பற்றிய கனவும் அத்தோடு முடிந்ததாக அவர் எண்ணிவிடுகிறார். உண்மை அதுவன்று.

மூளை நோய்க்குச் சிகிச்சை அளிப்பவர் நரம்பியல் மருத்துவர். மூளை எவ்வாறு நினைவில் வைக்கிறது, எவ்வாறு முடிவெடுக்கிறது என ஆராய்பவர் நரம்பறிவியலாளர். பின்னவராக மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. முனைவர் பட்டப் பயிற்சியே முக்கியம். நாம் இருக்கும் இடத்தை மூளை எப்படி அறிகிறது என்பதை எலிகளிடம் ஆராய்ந்து, 2014இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஜான் ஓகீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் மூவரும் உளவியல் படித்தவர்களே.

இத்துறைக்குப் பல வாசல்கள் உண்டு. நரம்புச் செல்களின் மின் சமிக்ஞையை ஆராய இயற்பியலும் கணிதமும் வேண்டும். நரம்பு வேதிப்பொருள்களை ஆராய உயிர்வேதியியல் வேண்டும். மூளைப் படங்களைப் பகுத்தறியக் கணினி அறிவியல் வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், நிம்ஹான்ஸ், ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆகியவை இப்பயிற்சியை அளிக்கின்றன. சென்னை ஐஐடியிலும் மூளை ஆராய்ச்சி மையம் உள்ளது. கருவில் வளரும் சிசுவின் மூளையை 5,132 நுண்சீவல்களாகப் படமெடுத்து வெளியிட்டது அம்மையமே.

பொதுவாக முதுநிலை அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்துடன் நெட், கேட் போன்ற தேர்வும் நேர்காணலும் உண்டு. இந்திய அறிவியல் நிறுவனத்தில் பி.எஸ்சி. முடித்தவர்கள் ஜாம் தேர்வு வழியாக ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் சேரலாம்.

"இன்னும் எத்தனை வருஷம் படிக்க வைப்பது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு, 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பின்னர் ரூ.42,000 வழங்கப்படுகிறது. ஆனால் படிப்பு முடிய ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். பல சோதனைகள் தோற்கும். பட்டம் பெற்றதும் வேலை உறுதி என்றும் சொல்ல முடியாது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆர்வமுள்ள மாணவர் பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, இயன்றவரை கணிதத்தைக் கைவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். வகுப்பில் ஓர் அளவுகோலை விட்டு, விழும்போதே பிடிக்கச் செய்யுங்கள். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால், கண்ணில் பட்டதற்கும் கை மூடியதற்கும் இடையே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகியிருக்கிறது. பத்து முறை செய்து சராசரி காணட்டும். கவனம் சிதறும்போது நேரம் கூடுகிறதா என்று அடுத்து அவர்களே கேட்பார்கள். ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.