அரசர்க்குரிய பன்மை

இராஜபாளையத்திற்கும் சேத்தூருக்கும் அணித்தாயுள்ள செட்டியார்பட்டி தன் பெயரிலேயே 'ஆர்' என்னும் மரியாதை விகுதியைத் தாங்கி நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுந்தருளியுள்ள பெருமானை ரங்கமன்னார் என்றும், அவருடைய தேவியை நாச்சியார் என்றும் வணங்குகிறோமேயன்றி, மன்னன் என்றோ நாச்சி என்றோ சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஒருவரையே பலர்போலக் கூறும் இவ்வழக்கு நம் மொழியில் எவ்வாறு வேரூன்றிற்று என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் ஒருவரை நேரே அழைக்கும் விளியை எட்டாம் வேற்றுமையாகக் கொண்டு, அதற்கென விளிமரபு என்று ஓர் இயலையே வகுத்தார். அவர் வகுத்த நெறிப்படி, வேந்து 'வேந்தே' எனவும் கோ 'கோவே' எனவும் ஏகாரம் பெறும். நம்பி 'நம்பீ' என நீளும். நங்கை 'நங்காய்' எனத் திரியும். சோழனைச் 'சோழா' என்று விளிப்பது பொது இயல்பாயினும், அவன் அண்மையில் இருப்பானாயின் 'சோழ' என்று குறுகும். சேரமானோ எவ்வித மாற்றமுமின்றிச் சேரமானாகவே நிற்பான். இவற்றுள் ஒன்றேனும் பன்மையன்று என்பது நோக்கத்தக்கது. சங்கப் புலவர்கள் முடியுடை மூவேந்தரையும் நேர்நின்று 'நீ' என்றே பாடினார்கள். ஒருவரைப் பன்மையாற் சுட்டுவது வழக்கினால் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண முறைமையன்று என்று தொல்காப்பியரே தெளிவாக வரையறுத்திருக்கிறார்.

அந்த வழக்கே காலப்போக்கில் வலுப்பெற்றது. பிற்காலப் பாண்டியர் சாசனங்களில் அரசர் 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' ஆனார். சோழர் கல்வெட்டுக்களில் அரசி 'நம்பிராட்டியார்' ஆனார். ஆதியில் அஃறிணைக்கே உரியதாயிருந்த 'கள்' விகுதி, முன்னரே பன்மையான 'அவர்' என்பதன்மீதும் ஏறி 'அவர்கள்' என்னும் இரட்டைப் பன்மையை உண்டாக்கிற்று. மகாராஜ ராஜஸ்ரீ என்பதன் சுருக்கமாகிய 'ம.ரா.ரா.ஸ்ரீ' பிரிட்டிஷ் ஆட்சியில் உத்தியோகஸ்தர் பெயருக்கும் முன்னொட்டாயிற்று. ஜமீன்தாருக்கு எழுதும் விண்ணப்பமோ அவரையே விளிக்கத் துணியாமல் அவருடைய 'சமுகத்தை' நோக்கிச் சென்றது. ஐரோப்பியர் அரசரை விடுத்து அவருடைய மாட்சிமையை விளிப்பதும் இந்த மனோபாவத்தின் விளைவேயாகும்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது. அரசியல் சாசனத்தின் 18-ஆம் பிரிவு அரசாங்கம் பட்டங்கள் சூட்டுவதை விலக்கிற்று. சுதேச மன்னர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த அங்கீகாரமும் 1971-இல் நீங்கிற்று. அரசர் மறைந்தும் அவர்க்குரிய பன்மை மறையவில்லை. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதும் உழவர் இன்றும் 'தாசில்தார் அவர்கள்' என்றே எழுதுகிறார். ஆனால் நரைத்த தலையோடு நிற்கும் அந்த உழவரை, வயதில் இளையவர்கள் சாதியையும் வறுமையையும் அளவுகோலாக்கி 'நீ', 'வா', 'போ' என்று ஒருமையில் விளிக்கும் கொடுமை நம் ஊர்களை விட்டு முற்றும் அகலவில்லை. மரியாதைப் பன்மையை இலக்கணம் எவருக்கும் உரிமையாக எழுதிக் கொடுக்கவில்லை, வழக்கே கொடுத்தது. வழக்கை ஆக்குவோர் மக்களாதலின், ஒருகாலத்தில் அரசர் முதலிய உயர்ந்தோரைப் போற்ற வழங்கிய 'நீங்கள்' என்னும் சொல்லை, நாற்று நடும் அம்மையார்க்கும் தறி நெய்யும் பெரியவர்க்கும் வேறுபாடின்றி வழங்குவதே குடியரசுக்குரிய தமிழ் வழக்காகும்.