நீரிழிவு பணக்காரர்களின் நோயா? இரத்தக் கொழுப்பை முன்வைத்து

நீரிழிவு என்பது உண்டு கொழுத்தவர்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் அகலவில்லை. வெயிலில் உழைத்து மெலிந்தவருக்குச் சர்க்கரை எப்படி வரும் என்று நம் குடியிருப்புகளில் இன்றும் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு 15 மாநிலங்களில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் வசதி படைத்தவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு கூடுதலாக இருப்பதை அவை காட்டின. நகர்ப்புற ஏழைகள் யார் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

சர்க்கரை அளவு உயர்வது இந்நோயின் தொடக்கமன்று. பல ஆண்டு மாற்றங்களின் பிற்பகுதி. அதற்கு முன்பே இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறத் தொடங்கிவிடுகிறது. உடல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. அதனால் சர்க்கரை அளவு இயல்பாகவே தெரியும். அதே வேளையில் கல்லீரலோ மிகுதியாக வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது; நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைகிறது. கணையம் களைத்த பிறகே சர்க்கரை ஏறுகிறது.

வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு 150 மி.கி.க்குக் குறைவாக இருக்க வேண்டும். 200ஐத் தொட்டால் மிகுதி. எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே போகக் கூடாது. இவற்றோடு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.யையும் பெண்களுக்கு 80 செ.மீ.யையும் எட்டியிருந்தால், எடை சரியாக இருப்பினும் எச்சரிக்கை தேவை.

கொழுப்பு என்ற சொல் காதில் விழுந்தவுடன் 'மாட்டுக்கறியை நிறுத்து' என்ற அறிவுரை வந்துவிடுகிறது. அளவு மீறிய இறைச்சிக்கு நான் வாதாடவில்லை. ஆனால் டிரைகிளிசரைடை ஏற்றுவதில் மூன்று வேளைச் சோற்றுக்கும் சர்க்கரைத் தேநீருக்கும் மதுவுக்கும் உள்ள பங்கைப் பேசாமல், கறியை மட்டும் குற்றவாளியாக்குவது மருத்துவமா, சாதியமா என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தியர் பெறும் உணவு ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாக அதே ஆய்வின் 2025ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது.

மெலிந்த உடலுக்குள் கொழுப்பு எப்படி வந்தது? புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கின் ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. புனேயின் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளுக்கு அது 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்த அளவுக்கு இக்குழந்தைகளின் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. தாயின் ஊட்டக்குறைவு பிள்ளையின் உடலமைப்பிலேயே பதிந்துவிடுகிறது. பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைபாடு கூடுதலாக இருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. பிற்காலத்தில் வரும் நீரிழிவை அந்தப் பசியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

பரிசோதனையிலும் ஒரு தடை உண்டு. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தூய்மைப் பணியாளர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து ஆய்வகத்தில் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கட்டாயம் இன்று இல்லை. பெரும்பாலோருக்கு உணவுக்குப் பின்னரும் கொழுப்புப் பரிசோதனை செய்யலாம் என்று ஐரோப்பிய வல்லுநர்கள் 2016இல் அறிவித்தனர். அப்போது டிரைகிளிசரைடின் எல்லை 175. பணி முடியும் இடத்திலேயே முகாம் நடத்தக் கோரும் சங்கங்கள் இதை எடுத்துக்காட்டலாம்.

டிரைகிளிசரைடு ஓர் அறிகுறியே. அதை மாத்திரையால் இறக்கிவிட்டால் நீரிழிவு வராது என்பதற்குச் சான்றில்லை. ஸ்டாட்டின் மாத்திரை சர்க்கரையைச் சிறிது ஏற்றக்கூடும் எனினும், மாரடைப்பைத் தடுக்கும் பயன் அதனினும் பெரிது. அஞ்சி நிறுத்திவிடக் கூடாது. பலன் நிறுவப்பட்ட வழி வேறு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் உடற்பயிற்சியும் நோய் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன.

நாளெல்லாம் உடலுழைப்பவரிடம் நடைப்பயிற்சி செய்யச் சொல்வதில் பொருளில்லை. அவர் தட்டில் சோறு குறைந்து பருப்பும் முட்டையும் காய்கறியும் கூட வேண்டும். விலையில்லா அரிசி பசியை ஓட்டியது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் நியாயவிலைக் கடையில் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்புதான். நால்வர் குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம்.